குட்டையும் எருமையின் உடம்பில் ஒரு பாகம்தான்

மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. தெருமுனையில் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த மணல். தெருநாய் ஒன்று அதை முன்னங்காலால் பறித்து, மேலே சுடுகிற மணலைத் தள்ளிவிட்டு, அடியில் இருக்கும் ஈர மணலில் வயிறு முழுக்கப் படும்படி குப்புறப் படுத்திருக்கிறது. வீட்டுக்காரர் கல்லெடுத்து விரட்டுகிறார். நாய் எழுந்து நேராகப் போய் சாக்கடையில் இறங்கிப் படுக்கிறது. "ச்சீ... அசிங்கம் பிடிச்ச நாய்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் ஏ.சி.யைப் போட்டுக்கொள்கிறார்.

இதில் ரெண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். உடம்பில் சேர்ந்த சூட்டை வேறெங்காவது தள்ளிவிட வேண்டும். அவருக்கு அதற்குக் கரண்ட் இருக்கிறது, நாய்க்கு மணல் இருந்தது. மணல் போனதும் சாக்கடை. அசிங்கம், சுத்தம் என்ற பேச்சே அதன் கணக்கில் கிடையாது.

விலங்குகள் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே பொதுவாக வருகிற பதில், "அதுங்களுக்கு எல்லாம் பழக்கம்தான்" என்பது. இந்த ஒரு வாக்கியத்தால் செத்துப்போன கோழிகளையும் மாடுகளையும் எண்ணி முடியாது. பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்குப் பழக்கம்? மர நிழலும் குட்டையும் மண் தரையும் உள்ள வெயிலுக்குப் பழக்கம். தகர ஷீட்டுக்கும் சிமெண்ட் தரைக்கும் யாரும் எந்த விலங்கையும் பழக்கவில்லை.

உடம்புச் சூடு என்பது வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். சாப்பிட்டது செரிக்கும்போது, தசை வேலை செய்யும்போது, இதயம் துடிக்கும்போது, எல்லாவற்றிலும் சூடு பிறக்கிறது. இது வரவு. வெயில் நேரடியாக அடித்தால் அதுவும் வரவு. செலவுக்கு நாலே வழி. சுற்றியிருக்கும் குளிர்ந்த பொருள்களை நோக்கிக் கதிராக விடலாம். தொட்டுக்கொண்டிருக்கும் தரைக்கோ தண்ணீருக்கோ கொடுக்கலாம். காற்றோடு அனுப்பலாம். இல்லையென்றால் தண்ணீரை ஆவியாக்கி விடலாம். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை உடம்பு ஒரே நிலையில் நிற்கும். மூளைக்குள் ஹைப்போதாலமஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்க்கிற குமாஸ்தா அதுதான். மனிதனுக்கு 37 டிகிரி, நாய்க்கு 38-க்குச் சற்று மேலே, மாட்டுக்கு 38.5, கோழிக்கு 41 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலுவை வைத்திருக்கும்.

இந்த நாலில் முதல் மூன்று வழியும் வெளியே உடம்பை விடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். காற்று 40 டிகிரி, உடம்பு 38 என்றால் சூடு உள்ளேதான் வரும், வெளியே போகாது. அப்போது மிச்சம் இருப்பது நாலாவது வழி ஒன்றுதான், ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பின் மேல் ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் சூடு 70, 80 கிலோ கலோரிதான். கணக்குப் போட்டால் தெரியும், வியர்வை எவ்வளவு பெரிய சொத்து என்று.

இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. மனிதத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கின்றன. இந்த விஷயத்தில் மனிதன் ஒரு கோடீஸ்வரன். கோடீஸ்வரன் தன் பையை வைத்தே ஊரில் எல்லார் பையையும் அளப்பான் இல்லையா, அந்த மாதிரி மனிதனும் தன் தோலை வைத்தே நாயையும் எருமையையும் கோழியையும் அளக்கிறான். நாய்க்கு அந்த மாதிரி வியர்வை பாதத்தின் அடியில் மட்டும். எருமைக்கு மாட்டை விட மிகக் குறைவு. யானைக்கு நகத்தைச் சுற்றி மட்டும். கோழிக்கு (எந்தப் பறவைக்குமே) ஒன்றுகூடக் கிடையாது.

நல்ல மனசுள்ளவர்கள்கூட இதில் ஏமாந்துபோகிறார்கள். நாய் மூச்சு வாங்குகிறதே என்று பாவப்பட்டு ஃபேனைத் திருப்பி வைக்கிறார்கள். ஃபேன் மனிதனுக்குக் குளிர்ச்சி தருவது, வியர்வையை வேகமாக ஆவியாக்குவதால். வியர்க்காத உடம்புக்கு ஃபேன் வெறும் காற்று; அறை 40 டிகிரியில் இருந்தால் அடுப்புக் காற்று. வயிற்றிலும் பாதத்திலும் தொடை இடுக்கிலும் தண்ணீரைத் தடவிவிட்டு அதற்கப்புறம் ஃபேன் போட்டால் கதையே வேறு. இரவல் வியர்வை!

மதியம் மதில் மேல் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்த்து "பாவம், தாகம்" என்பார்கள். தாகமும் இருக்கலாம். ஆனால் அது வாயைத் திறந்திருப்பது தொண்டை ஈரத்தை ஆவியாக்கத்தான். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் நாரைகளைக் கவனித்தால் சிலவற்றின் கால் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். வெயில் ஏறும்போது அவை தம் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் ஆவியாகக் காலில் ஓடும் ரத்தம் குளிரும். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வியர்வை இல்லாதவன் வேறென்ன செய்வான்?

பள்ளிக்கூடப் பாடம் இதில் ஒரு கெடுதலைச் செய்துவைத்திருக்கிறது. "வெப்ப ரத்தப் பிராணி, குளிர் ரத்தப் பிராணி" என்று ரெண்டு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லி இரண்டு மார்க் கொடுத்துவிட்டது. குளிர் ரத்தம் என்றால் வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி, அதற்கு ஒரு முயற்சியும் கிடையாது என்று மாணவன் முடிவு கட்டிவிடுகிறான். காம்பவுண்டு சுவரில் காலை ஏழு மணிக்கு ஓணானைப் பார்க்கட்டும். உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்கு முழுசாகக் காட்டிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு வெயிலுக்கு நேராக முகத்தை வைத்து உடம்பின் நிழலைச் சுருக்கும். பன்னிரண்டுக்கு ஆளே இருக்காது, செடிக்குள் போயிருக்கும். வெயிலில் ஓடுகிற பாலைவனப் பல்லிகள் சிலவற்றின் ரத்தம் மனித ரத்தத்தை விடச் சூடாகவே இருக்கும், பெயர் மட்டும் குளிர் ரத்தம். மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசையைத் துடிக்கவிட்டுச் சூடு உண்டாக்கி அடைகாக்கும். தேனீக்கள் கூட்டின் நடுவே 34, 35 டிகிரியைக் காப்பாற்றும். சூடு அதிகமானால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிறும். ஏர் கூலரை மனிதன் கண்டுபிடித்தானாம்.

ஓணானின் கதையிலும் தேனீயின் கதையிலும் நாயின் கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. சூட்டைச் சமாளிக்கிற கருவி பாதி உடம்புக்குள் இருக்கிறது, மீதிப் பாதி வெளியே இருக்கிறது. நிழல், ஈர மண், தண்ணீர், காற்றோட்டம், இரவின் குளிர்ச்சி... இவையெல்லாம் வசதிகள் அல்ல, உறுப்புகள் மாதிரி. காதை அறுத்துவிட்டு "யானைக்கு எல்லாம் பழக்கம்தான்" என்று யாரும் சொல்வதில்லை. (யானையின் காது அதன் ரேடியேட்டர். மெல்லிய தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் பரவியிருக்க, அதை வீசி வீசித்தான் சூட்டை விடும்.) ஆனால் யானையிடமிருந்து ஆற்றைப் பிடுங்கிவிட்டுக் கருங்கல் தரையில் கட்டிவைத்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள்.

எருமையை எடுத்துக்கொள்ளலாம். கருத்த தோல், முடி கம்மி, வியர்வை கம்மி. வெயிலை வாங்குவதற்கென்றே செய்த மாதிரி ஒரு உடம்பு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு வெப்ப நாட்டில் அது எப்படி ஆயிரக்கணக்கான வருஷம் பிழைத்தது? குட்டை இருந்தது. தண்ணீரில் கிடக்கும்போது உடம்புச் சூடு தண்ணீருக்குப் போகிறது. காற்றை விடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். எழுந்து வரும்போது பூசிக்கொண்டு வருகிற சேறு இன்னும் கெட்டிக்காரத்தனம். வெறும் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெயிலும் தோலில் நேரே படாது, ஈ கொசுவும் கடிக்காது. இத்தனையையும் ஒரு பைசா செலவில்லாமல் செய்கிற பிராணியைத்தான் சோம்பேறித்தனத்துக்கு உவமை சொல்லித் திட்டுகிறார்கள். "எருமை மாதிரி கிடக்கிறான்" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் இனிமேல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம் :-)

குட்டை இல்லாத எருமைக்கு என்ன ஆகும்? தீவனம் குறையும், பால் குறையும், கோடையில் சினைப் பருவம் வெளியே தெரியாமலேயே கடந்து போகும். இதை ஊமைச் சினை என்று சொல்வார்கள். சினை பிடிக்காமல் போனால் அந்த வருஷத்துக் கன்றும் இல்லை, பாலும் இல்லை. தமிழ்நாட்டில் 2012-க்கும் 2019-க்கும் இடையே எடுத்த கால்நடைக் கணக்கெடுப்புகளில் எருமைகள் எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருக்கிறது. காரணம் பல உண்டு. மேய்க்க ஆள் இல்லை, கலப்பின மாட்டுக்கே கடனும் மானியமும், இப்படி. ஆனால் ஊர்ப் பக்கம் குளங்களுக்கு என்ன ஆனது என்பதையும் அந்தக் காரணங்களோடு சேர்க்க வேண்டும். பல ஊர்களில் குளம் தூர்ந்து பஸ் ஸ்டாண்ட் ஆனது. சில ஊர்களில் அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் சுவர் எழுப்பி, கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, நடுவில் ஒரு நீரூற்று. மனிதர்கள் காலையில் நடந்து கொழுப்பைக் குறைக்கலாம். மாடு இறங்க ஒரு சரிவு விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் முப்பத்திரண்டு அறம் என்று பட்டியல் போட்டவர்களுக்கு மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சுதறி நடுவதும் ஒரு அறம் என்று தோன்றியிருக்கிறது. மாடு முதுகு சொறிந்துகொள்ள ஒரு கல்! அவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஊரில் இன்று எருமை இறங்க வழி இல்லை.

பசுமாட்டுக் கதை கொஞ்சம் வேறு. காங்கேயம் மாட்டைப் பாருங்கள். குட்டையான பளபளப்பான முடி, கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, நல்ல வியர்வைச் சுரப்பி. எல்லாவற்றுக்கும் மேலே, அது உண்டாக்கும் சூடே குறைவு, ஏனென்றால் அது தின்பதும் குறைவு, கறப்பதும் குறைவு. ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் குளிர் நாட்டு மாடு. நிறையத் தின்று நிறையக் கறக்கும். தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும், அது பாலாக மாறும்போதும் சூடு பிறக்கும். ஆக, கறவை கூடக் கூட மாட்டுக்குள்ளே அடுப்பும் பெரிதாகிறது. பால் உற்பத்தி உயர்ந்தது என்று பேசுகிறவர்கள் வரவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு மாடுகளில் பெரும்பாலானவை இன்று கலப்பினம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

பால் மாட்டுக்கு வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குக் கஷ்டம் ஆரம்பம் என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவு. 25 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தாலே குறியீடு 72-க்குப் பக்கத்தில் வந்துவிடும். சென்னையில் மே மாச ராத்திரி 28 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 78 வருகிறது. பகலைச் சொல்லவில்லை, ராத்திரி!

ராத்திரி ஏன் முக்கியம் என்பதற்கு ஒட்டகம் நல்ல உதாரணம். 1950-களில் சகாராவில் கனுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் விஞ்ஞானி ஒட்டகங்களை வைத்து ஆராய்ந்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடம்புச் சூட்டை விடியற்காலை 34 டிகிரிக்கு இறங்க விட்டு, பகலில் 41 வரை ஏற விடுகிறது என்று கண்டார். பகல் முழுக்க வியர்க்காமல் சூட்டைக் கடனாக வாங்கி வைத்துக்கொள்கிறது, குளிர்ந்த பாலைவன ராத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 500 கிலோ ஒட்டகத்துக்கு இதனால் ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் மிச்சம். அருமையான ஏற்பாடு. ஆனால் கடன் வாங்கினால் ராத்திரி கட்டியாக வேண்டும். மாடும் ஓரளவுக்கு இதைச் செய்யும். சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மாட்டின் மேலேயே விட்டால் அது கடனை எங்கே கட்டும்? நேற்றைய பாக்கியோடு இன்றைய காலை விடிகிறது. ரெண்டு மூன்று நாள் வட்டி ஏறினால் மாடு தீவனத்தைத் தொடாது. அதுவும் ஒரு தற்காப்புதான், அடுப்பைக் குறைக்கிறது.

(அதே ஆராய்ச்சியில் இன்னொரு சுவாரசியம். முடியை வெட்டிய ஒட்டகம், வெட்டாத ஒட்டகத்தை விட ஒன்றரை மடங்கு தண்ணீர் செலவழித்தது. முடி வெயிலையும் தடுக்கும். கோடையில் ஹஸ்கி நாய்க்கு மொட்டை போட ஓடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.)

ஹஸ்கி என்றதும் நாய் வளர்ப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு ஏழ்மை என்ற சாக்கு கிடையாது. சைபீரியக் குளிருக்காக இரட்டை அடுக்கு முடியோடு உருவான நாயைச் சென்னை அபார்ட்மெண்டில் வளர்ப்பதற்குக் காரணம் அதன் கண் நீலமாக இருக்கிறது என்பதுதான். பக் இன்னும் மோசம். 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய அந்தக் குட்டி நாயைப் பார்த்து நாடே கிறங்கிப் போனது. நாய் மூச்சு வாங்கும்போது மூக்கின் உள்ளே இருக்கும் ஈரப் பரப்பும் நாக்கும்தான் ஆவியாக்கும் இடம். அமைதியாக இருக்கும் நாய் நிமிஷத்துக்கு 30 தடவைக்குள் மூச்சு விடும். வெயிலில் 300-ஐத் தாண்டும். பக் நாய்க்கு மூக்கையே நசுக்கி இனவிருத்தி செய்துவிட்டார்கள். ரேடியேட்டர் இல்லாத காரை விற்றால் வாடிக்கையாளர் கோர்ட்டுக்குப் போவார். ரேடியேட்டர் இல்லாத நாயைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் நீண்ட மூக்கும் ஒட்டிய வயிறும் குட்டை முடியும் அழகுக்காக வந்தவை அல்ல. அந்த மண்ணின் வெயில் எழுதிய கையெழுத்து அது.

எந்த நாயானாலும் பகலில் தார் ரோட்டில் நடத்தக் கூடாது. காற்று 35 டிகிரி இருக்கும்போது வெயில் படும் தார் 55-ஐத் தாண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பவருக்குத் தெரியாது. பூட்டிய காரில் விட்டுப் போவதும் அப்படித்தான். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 20 டிகிரி வரை ஏறும்.

இதையெல்லாம் விடப் பெரிய கணக்கு கோழிதான். நாமக்கல் முட்டை, பல்லடம் கறிக்கோழி. கோழிக்கு உடம்புச் சூடு 41 என்பதால் மனிதனை விட வெயில் தாங்கும் என்று நினைக்கலாம். அது தப்பு. கோழி எப்போதும் மேல் விளிம்புக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது, இன்னும் சில டிகிரி ஏறினால் முடிந்தது. வியர்வை இல்லை, மேலே இறகுப் போர்வை, மூச்சு வாங்குவது ஒன்றே வழி. கறிக்கோழியை ஆறு வாரத்துக்குள் ரெண்டு கிலோவுக்கு மேல் வளர்த்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் வளர்கிற உடம்பு ஒரு சின்னக் கொதிகலன். ஆயிரக்கணக்கான கொதிகலன்களை ஒரே கொட்டகையில் நெருக்கி வைத்திருக்கிறார்கள்.

முட்டைக் கோழிக்கு மூச்சு வாங்குவதால் இன்னொரு நஷ்டம். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வெளியேறுகிறது. முட்டை ஓடு என்பது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருளே இந்த வாயுதான். அதனால் கோடையில் ஓடு மெலிந்துபோகிறது, லாரி ஆட்டத்துக்கே விரிசல் விடுகிறது. கடையில் உடைந்த முட்டையைப் பார்த்து "என்னய்யா முட்டை இது" என்று சலித்துக்கொள்கிறவர் கையில் இருப்பது ஒரு கோழி விட்ட மூச்சின் பில். தண்ணீரில் சோடா உப்புக் கலந்து கொடுப்பது, மத்தியானம் தீவனத்தை நிறுத்திக் காலையிலும் ராத்திரியிலும் கொடுப்பது, கூரை மேல் தென்னங்கீற்றுப் போட்டுத் தண்ணீர் தெளிப்பது என்று பண்ணைக்காரர்கள் போராடுவதற்கெல்லாம் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. கொட்டகைக்குள் புகை மாதிரி தண்ணீர் தூவுகிற ஃபாகர் வைக்கிறார்கள், நல்லதுதான், காற்று வறண்டிருந்தால். புழுக்கமான நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கும். அப்போது ஃபாகரைத் திறந்துவிட்டால் கோழியின் ஒரே வழியான ஆவியாதலையும் அடைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, கோழி செத்தால் யாருக்கு நஷ்டம்? ஒப்பந்தக் கோழி வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு எல்லாம் விவசாயியுடையது. வளர்ந்த கோழியின் எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சாவு கூடினால், தீவனத்துக்கேற்ற எடை வராவிட்டால் கூலி குறையும். வேகமாக வளரும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. அதாவது உள்ளே எரியும் அடுப்பின் அளவைத் தீர்மானித்தவர் ஒருவர், அதைத் தணிக்கும் செலவு இன்னொருவருக்கு. காமர்ஸ் படிக்கிற யாரும் இதைப் பார்த்தவுடனே சொல்வார்கள், லாபமும் ரிஸ்க்கும் ஒரே பக்கம் இருக்க வேண்டாமா என்று. கூரையை வெள்ளையடிக்கவும், நல்ல காற்றோட்டம் செய்யவும் ஆகும் செலவில் கம்பெனி பங்கு போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் கோழிகளும் பிழைக்கும், விவசாயியும் பிழைப்பான். "விவசாயி அக்கறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வது நியாயம் இல்லை.

விவசாயியைக் குறை சொல்வதில் ஒரு எல்லை இருக்க வேண்டும். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் போய் "எருமையைத் தினம் ரெண்டு தடவை குளிப்பாட்டு" என்றால் அடிக்க வருவார்கள். அதற்குத்தான் குட்டையைப் பற்றி இவ்வளவு பேச்சு. பொதுக் குளம் ஒன்று இருந்தால் நூறு மாட்டுக்கு ஆகும் வேலையை, நூறு வீட்டுத் தொட்டியில் செய்யச் சொல்வது கட்டுப்படியாகாது. நனைத்த கோணிப்பையைத் தொங்கவிடுவது, கூரை மேல் வைக்கோல் பரப்புவது, மரம் இருந்தால் கொட்டகையில் கட்டாமல் மரத்தடியில் கட்டுவது... இதெல்லாம் பணமில்லாமல் ஆகக்கூடியவை. மரம் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் 1965-ல் வந்த வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதிகளில் ஒரு வரி இருக்கிறது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அந்த விலங்குகளை வேலை வாங்கக் கூடாது. எவ்வளவு நல்ல வரி! வேலூரிலும் கரூரிலும் திருச்சியிலும் கோடையில் பெரும்பாலான நாள் இந்த விதிக்கு வேலை இருக்கிறது. மணல் வண்டி மாட்டுக்காரர் யாருக்காவது இந்த விதி தெரியுமா என்று கேட்டால் பதில் என்ன வரும் என்பது தெரிந்ததுதான். அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு வதைக்கு எழுதிய அபராதமோ முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும்.

இன்னொரு விதி, நேர் எதிர் வகை. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978 விதிகளில் 2001-ல் கோழிகளைச் சேர்த்தார்கள். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் கோழிகளை ஏற்றிப் போகக் கூடாது என்கிறது அது. 25 டிகிரி! இதை அப்படியே கடைப்பிடித்தால் தமிழ்நாட்டுச் சமவெளியில் வருஷத்தில் பெரும்பகுதி ஒரு கோழி நகர முடியாது. யாராலும் முடியாததை எழுதியதால் யாரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பலன், மே மாச நண்பகலில் கம்பிக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு, மேலே ஒரு சாக்குகூட இல்லாமல், நெடுஞ்சாலை டோல்கேட்டில் வரிசையில் நிற்கும் வண்டிகள். ஓடும்போதாவது காற்று உண்டு. நிற்கும்போது நடுக்கூண்டில் இருக்கும் கோழிக்கு மேலும் கீழும் பக்கத்திலும் 41 டிகிரி உடம்புகள். சூட்டை யாரிடம் கொடுக்கும்?

25 என்பதை அடித்துவிட்டு, மாட்டு வண்டி விதியில் இருக்கிற மாதிரி நேரத்தை எழுதலாம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை காலை பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து வரை கோழி வண்டி ஓடக் கூடாது, மற்ற நேரத்தில் கூண்டுகளுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி விட வேண்டும், நிற்க நேர்ந்தால் நிழலில் நிற்க வேண்டும். விடியற்காலைக்குள் கடைக்குக் கோழி வந்து சேர வேண்டும் என்பதால் நிறைய வண்டிகள் ஏற்கெனவே ராத்திரியில்தான் ஓடுகின்றன. மிச்சமிருக்கும் பகல் வண்டிகளை ராத்திரிக்கு மாற்றினால் வழியில் சாகிற கோழிகள் குறையும், அந்த லாபம் வண்டிக்காரருக்கும் கடைக்காரருக்கும்தான். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, விதியைத் திருத்தி அரசிதழில் ஒரு அறிவிப்பு வெளியிட்டால் போதும்.